யாரிடமாவது சொன்னீங்களா?

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல் டவுனில் நடந்தது இது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம், அப்படி ஒரு தெருவில், ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் இருக்கிற காம்பவுண்டில் நாங்கள் குடியிருந்தோம். மார்கழி மாதம். என் கணவர் வெங்காயப் பேட்டையில் ஒரு மண்டியில் கணக்குப் பார்த்தார். அன்றைக்குப் பேட்டைக்கு லீவு. அதனால் வீட்டில் இருந்தார். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. மூணு வயசில் ஒரு பெண் குழந்தை.

காலையில் இட்லிக்கு ஊற வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருவர் காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடி. இன்னொருவர் சுடிதார் போட்ட இளம் பெண். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். பெண்களின் ஆரோக்கியம், குடும்ப வாழ்க்கை பற்றி ஒரு ஆராய்ச்சியாம். இந்தத் தெருவில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எங்கள் வீடு விழுந்ததாம். குலுக்கலில் விழுந்தது என்று கேட்டதும் எனக்கு ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. பிரஷர் குக்கராக இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன்.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கேளுங்க, தாராளமா கேளுங்க. எங்க வீட்ல ஒளிவு மறைவே கிடையாது" என்றார்.

கண்ணாடி போட்ட அந்த அக்கா சிரித்துக்கொண்டே காகிதங்களைப் புரட்டினார். வாரத்தில் எத்தனை நாள் கீரை சமைப்பீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "தினமும் கீரை உண்டு" என்றார் என் கணவர். வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் கீரை. குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். "எல்லாம் கரெக்டா கொடுத்தாச்சு." குழந்தைக்கு எந்தக் காய் பிடிக்கும் என்று கேட்டார். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "எல்லாமே பிடிக்கும்" என்று ஒரு வழியாகச் சமாளித்தார்.

அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். காம்பவுண்டில் யாராவது உடம்பு சரியில்லாமல் படுத்தால் ஆட்டோ பிடித்து வருவார். தங்கமான மனுஷன் என்று பேர். அந்தத் தங்கமான மனுஷன் சில சாயங்காலங்களில் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்துவார், ரேடியோவைச் சத்தமாக வைப்பார். அதற்கப்புறம் நடப்பதை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. சாம்பாரில் உப்பு கூடியது, என் அம்மா வந்துபோனது, அம்மா வராமல் இருந்தது, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். முகத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்வார். கணக்குப் பார்க்கிறவர் இல்லையா, எல்லாவற்றிலும் ஒரு கவனம்.

காய் கேள்விக்குப் பிறகு கண்ணாடி அக்கா சுடிதார் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். உடனே அந்தப் பெண் எழுந்து, "சார், குடும்பத் தலைவர்கிட்ட தண்ணி வசதியப் பத்தித் தனியா கேக்கணும். தெருக் குழாயக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்றது.

அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று எந்த ஜோசியராலும் சொல்ல முடியாது. இந்த ஊருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள். என் கணவர் விறுவிறுவென்று குழாயடிக்குப் போனார். பின்னாலேயே எதிர்வீட்டு மாமா வந்தார். டீக்கடைக்காரர் வந்தார். வெள்ளைத் தொப்பி போட்ட பாய் ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். ஐந்து நிமிஷத்தில் அங்கே ஒரு பொதுக்கூட்டமே நடந்துகொண்டிருந்தது. "எழுதிக்கம்மா, நல்லா எழுதிக்க! போன மாசம் ஒரு சொட்டு வரலைன்னு எழுது!" என்று ஆளாளுக்குக் கத்தியது வீட்டுக்குள் கேட்டது. பாவம், அந்தப் பெண்ணும் முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். குழந்தை தூளியில் தூங்கியது. அப்போதுதான் உண்மையான கேள்விகள் தொடங்கின. பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்ல வேண்டாம், எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், வெளியே யாருக்கும் தெரியாது என்றார் அந்த அக்கா. பிறகு, கடையில் உப்பு இருக்கா என்று விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எப்பவாவது உங்களை அடிச்சதுண்டா?"

"அய்யய்யோ, இல்ல மேடம்" என்றேன். அவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஏன் தெரியுமா? அவர் நம்பவில்லை என்று காட்டியிருந்தால் நான் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன். அவர் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு கேள்வி தாண்டியதும் நானே சொன்னேன்.

"மேடம், அந்த முந்தின கேள்விய இன்னொருவாட்டி கேளுங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். அதே குரலில், அதே மாதிரி மறுபடி கேட்டார். இந்தத் தடவை நான் தலையை ஆட்டினேன். எப்படி, எதனால் என்று கேட்டார், சொன்னேன். நான் அழவில்லை. அதுதான் ஆச்சரியம். ரேடியோ விஷயத்தைச் சொல்லும்போது எந்த ஸ்டேஷன் என்பதுவரை சொன்னேன்.

அப்புறம் அவர், "இதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவராக வாசித்துக்கொண்டு போனார். அம்மா அப்பாவிடம்? இல்லை. கூடப்பிறந்தவர்களிடம்? இல்லை. மாமியார், நாத்தனாரிடம்? அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இல்லை. பக்கத்து வீட்டில்? இல்லை. டாக்டர், நர்ஸிடம்? இல்லை. போலீஸில்? இல்லை. ஊர்ப் பெரியவர்களிடம்? மகளிர் சங்கத்தில்? இல்லை, இல்லை.

அவர் வாசிக்க வாசிக்க, ஒரு பெரிய வீட்டுக்குள் என்னைக் கூட்டிப்போய் ஒவ்வொரு கதவாகக் காட்டுகிற மாதிரி இருந்தது. இத்தனை கதவு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வாசித்து முடித்த பிறகு கேட்டேன். "இம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லலாமாக்கா?"

மேடம் எப்போது அக்கா ஆனார் என்று தெரியவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்றவங்க இருக்காங்க. அதனாலதான் கேக்குறோம்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அடி வாங்குறது உங்க தப்பு இல்லம்மா. யாருகிட்ட சொன்னா உங்களுக்கும் பிள்ளைக்கும் ஆபத்து வராதுன்னு மட்டும் யோசிச்சுக்கங்க." மகளிர் காவல் நிலையம் எங்கே இருக்கிறது, எங்கே போனால் பெண்களுக்கு ஆலோசனை சொல்வார்கள், எந்த பஸ்ஸில் போக வேண்டும், எல்லாம் வாயாலேயே சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டார். காகிதம் எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை.

என் கணவர் திரும்பி வரும்போது எலெக்ஷனில் ஜெயித்தவர் மாதிரி வந்தார். தண்ணி விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்துவிட்டாராம், இனி நடவடிக்கை நிச்சயமாம். அன்றைக்கு சாயங்காலம் ரேடியோ வைக்கவில்லை.

நான் அந்தப் பட்டியலை மனசுக்குள் வைத்துக்கொண்டு வரிசையாக ஆரம்பித்தேன். முதலில் அம்மா. வடமதுரைப் பக்கம் எங்கள் ஊர். பொங்கலுக்கு முந்தி ஒரு பை நிறைய முறுக்கோடு வந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதது. பொம்பளையாகப் பிறந்தால் அப்படித்தான், அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்றது. இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டு, "முறுக்கு நமத்துப் போயிரும், டப்பாவுல போட்டு மூடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியது. அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குத் தெரிந்த மருந்து அதுதான்.

அடுத்து அண்ணன். ஆள் ஆறடி. வந்தால் ஒரு அதட்டுப் போடும் என்று நம்பினேன். வந்தது. என் கணவரோடு உட்கார்ந்து இரண்டு காபி குடித்தது. கிரிக்கெட் பேசியது. சின்ன வெங்காயம் விலை விசாரித்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "தங்கச்சி என்னமோ மனசு சங்கடப்படுது, பாத்துக்கங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான் அதட்டு.

நான் சொல்லிவிட்டேன் என்று என் கணவருக்குத் தெரிய அது போதும். அன்றைக்கு சாயங்காலம் ரேடியோ மிகவும் சத்தமாக ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் வழக்கம்போலப் பக்கத்து வீட்டில் இஞ்சி பூண்டு இடிக்கிற சத்தம், டங் டங் என்று சுவரே அதிரும்படி கேட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினார். ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் தண்ணி லாரி வந்திருக்கிறது என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தால் குழந்தை இல்லை. அவரும் இல்லை. மத்தியானம் தனியாக வந்தார். பழனிப் பக்கம் கீரனூரில் அவருடைய அக்கா இருந்தார். குழந்தையை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "வாய மூடிக்கிட்டு இருந்தா பிள்ளை திரும்பி வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, சோறு போடச் சொன்னார். சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருந்த அக்காவின் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை வைத்திருந்தார். மசாலா எல்லாம் அக்காதான் வீட்டில் தயார் செய்து அனுப்பும். நாலு வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் எங்களுக்குள் சர்க்கரை, காபித்தூள் கடன் வாங்குகிற பழக்கம் மட்டும்தான். "அக்கா, எம் பிள்ளையக் கொண்டு போய் விட்டுட்டாரு. அவரு என்னைய அடிக்கிறாருக்கா" என்றேன்.

"இதச் சொல்றதுக்கு உனக்கு நாலு வருசமா புள்ள?" என்றது அக்கா. என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தது. "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ரேடியோ சத்தம் கேட்டா உடனே உரல எடுத்துக்கிட்டு சொவத்துகிட்ட உக்காந்துருவேனே. எதுக்குன்னு நெனச்ச?"

எனக்குப் புரியவில்லை. பிரியாணிக்கு இடிக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

"எங்க கடைக்கு அம்புட்டு இஞ்சி பூண்டு எதுக்கு? ஊருக்கே வைத்தியமா பாக்குறோம்? பாதி நாளு வெறும் உரலத்தான் இடிச்சேன். இந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு அந்த மனுசனுக்குத் தெரியணும்ல."

நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். அந்தச் சத்தம் கேட்டால் அவர் கை இறங்கும். அதை நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. நேரங்காலம் இல்லாமல் இடிக்கிறார்களே, குழந்தை முழித்துக்கொள்கிறதே என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உதவி யாருமே இல்லை என்று நான் நினைத்திருந்த அத்தனை காலமும், ஒரு முழச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வெறும் உரலை இடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்றைக்கு அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அக்காவுக்கும் அப்படித்தான்.

ஏன் நேரில் வந்து கேட்கவில்லை என்றேன். "அடுத்த வூட்டு விசயம், தலையிடாதன்னு எங்க வூட்ல சொல்லிட்டாக. அதான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தேன். கை சும்மா இருக்கல" என்றது. பிறகு முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "போலீசு அப்பறம். மொதல்ல பிள்ளையக் கூட்டிட்டு வருவோம். நாளைக்கு அந்த ஆளு மண்டிக்குப் போனதும் கெளம்பு, நானும் வாரேன்" என்றது.

மறுநாள் இரண்டு பேரும் பழனி பஸ் ஏறினோம். தைப்பூசத்துக்குச் சில நாட்களே இருந்தன. ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் பஸ் ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் நின்றேவிட்டது. பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகவும் தொன்னையில் எலுமிச்சம்பழச் சாதத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்த எங்கள் அக்கா கையிலும் ஒருத்தர் "முருகா" என்று சொல்லி வைத்தார். அக்கா வாங்கிக்கொண்டு, இன்னொன்று கேட்டு வாங்கி என் மடியில் வைத்தது. நான் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். "சாப்புடு புள்ள. சண்டைக்குப் போறவ வெறும் வயித்தோட போகக் கூடாது" என்றது. சாப்பிட்டேன். அதைப்போல ருசியான எலுமிச்சம்பழச் சாதத்தை அதற்கப்புறம் நான் சாப்பிட்டதில்லை.

சண்டைக்குப் போகிறோம் என்றுதான் நானும் நினைத்தேன். மதினியை, அதான் அவருடைய அக்காவை, கண்டாலே எனக்குப் பயம். பெரிய உடம்பு, பெரிய குரல். அந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போனதில் பேச்சே கொங்குப் பேச்சாக மாறிவிட்டது. தம்பி என்றால் உயிர். கல்யாணத்தில் சாம்பார் போதவில்லை என்று எங்கள் ஆட்களை நிற்க வைத்துக் கேட்டவர்.

கீரனூரில் இறங்கித் தோட்டத்து வீட்டுக்குப் போனோம். என் மகள் ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினால், "விடும்மா, குட்டிக்குப் பசிக்குது" என்று என்னைத் தள்ளிவிட்டாள். ராத்திரியெல்லாம் அழுதுகொண்டு கிடந்தது நான். அவள் ராணி மாதிரி இருக்கிறாள்.

மதினி முறம் நிறைய முருங்கைக்காயை வைத்து நறுக்கிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க. ஏனுங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். என்னைப் பார்த்து, "தம்பி வரலியா? நீ ஊருக்குப் போறேன்னுதான புள்ளைய விட்டுட்டுப் போனான்?" என்றார். அப்படிச் சொல்லித்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

வழியெல்லாம் நான் என்னென்னவோ பேசிப் பார்த்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. "உங்க தம்பி என்னைய அடிக்கிறாரு மதினி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அருவாமனை நின்றது. "எத்தன நாளா?"

"கல்யாணம் ஆன மறுமாசத்துல இருந்து."

மதினி மிச்சம் இருந்த காயை நறுக்கி முடித்தார். எழுந்து உள்ளே போனார். போச்சு, கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டது. செத்த நேரத்தில் மதினி வேறு சேலை கட்டிக்கொண்டு, கையில் ஒரு வயர் கூடையோடு வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எங்கப்பன் எங்கம்மாவ அடிக்கிறப்ப இவனத் தூக்கிக்கிட்டுக் கெணத்து மேட்டுல போய் உக்காந்துக்குவேன். இவனுக்குத் தெரியக் கூடாதுன்னு. தெரியாம வளத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்ல?" என்றார்.

"நீங்க அவருக்கு அக்கா இல்லைங்களா, மதினி..."

"அவனுக்கு அக்காதான். அதனாலதான் வாரேன். மொதல்ல ரெண்டு பேரும் சோறு தின்னுங்க."

சாயங்காலம் என் கணவர் மண்டியிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, அவருடைய நாற்காலியில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான், என் மடியில் குழந்தை. காம்பவுண்டுக்காரர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று வாசலில்தான் ஏதோ வேலை. ஒருத்தர் அரிசி புடைத்தார், ஒருத்தர் காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டார்.

"அக்கா, எப்ப வந்த?" என்றார்.

"அது இருக்கட்டும். அந்த ரேடியோவப் போடு சாமி. நல்லா சத்தமா போடு. அம்புட்டு சத்தத்துல என்னதான் கேப்பன்னு நானும் கேக்குறேன்."

அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! வாசலைப் பார்த்தார். அங்கே அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் டங் என்று ஒரே ஒரு இடி. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நாலு வருஷமாக அந்த வீட்டில் நான் பயந்து நடுங்கிய மனுஷன், தங்கமான மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். மதினி அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. "எம் முகத்தப் பாத்துச் சொல்லு, அடிச்சியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் வாயிலிருந்து ஆமாம் வரும்வரை கேட்டார்.

மறுநாள் மதினியும் பக்கத்து வீட்டு அக்காவும் இரண்டு பக்கம் நடக்க, மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். வழி எனக்குத்தான் தெரிந்திருந்தது. நான்தான் முன்னால் நடந்தேன். இரண்டு பேருக்கும் அதில் ஒரே ஆச்சரியம்.

எல்லாம் ஒரே நாளில் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தம்பிக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கலாமே என்று மதினிக்கு உள்ளூர ஆசை இருந்தது. நான் மாட்டேன் என்றேன். அதில் எங்களுக்குள் கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை இல்லை. கோர்ட்டுக்கு நடந்து நடந்து இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. அம்மா மறுபடியும் முறுக்கோடு வந்து அழுதது. அண்ணன் மட்டும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, வாயைத் திறக்காமல், ஆறடி உயரத்துக்கு என் பின்னால் நின்றது. அது போதுமானதாக இருந்தது. ஒரு பங்குனியில் மதினி ஒரு கூடை முருங்கைக்காயோடு வந்து இறங்கினார். "நீ எந் தம்பியோட வாழ வேண்டாம். ஆனா எம் மருமகளுக்கு நான் அத்தை. அத மாத்த எந்தக் கோர்ட்டாலயும் முடியாது" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு முழுப் பரீட்சை லீவுக்கும் என் மகள் கீரனூரில்தான். இரண்டாயிரத்து சொச்சத்தில் அவள் ஹைஸ்கூல் படிக்கும்போது, வெட்டினரி டாக்டர் ஆகப் போகிறேன் என்று சொன்னதற்கு அந்த ஆட்டுக்குட்டிதான் காரணம்.

நான் அந்தக் காம்பவுண்டை விட்டுப் போகவில்லை. அவர்தான் போனார். பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து மசாலா அரைக்க ஆரம்பித்து, பிறகு சொந்தமாகப் பொடி தயாரித்துக் கடைகளுக்குப் போட்டு, கடைசியில் மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு கடையே வைத்துவிட்டேன். ஊரில் பல பேருக்கு இன்றைக்கு என்னை மசாலாக்கார அக்காவாகத்தான் தெரியும்.

அந்தக் கண்ணாடி போட்ட அக்காவை மட்டும் அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆராய்ச்சியை முடித்து, பட்டம் வாங்கி, எங்கேயோ நன்றாக இருப்பார். அவருடைய ஆராய்ச்சியில் நான் இன்றைக்கும் யாரிடமும் எதையும் சொல்லாத ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் கிளம்பிப் போன பிறகுதான் என் பதில் மாறியது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும்.

அவர் எனக்கு நீட்டி முழக்கிப் புத்திமதி சொல்லவில்லை, என் வீட்டுக்குள் புகுந்து சண்டை போடவில்லை. என்னை நம்பி ஒரு கேள்வி கேட்டார், நான் இல்லை என்றபோது இல்லை என்றே எழுதிக்கொண்டார், நான் மறுபடி கேட்கச் சொன்னபோது முகம் சுளிக்காமல் பக்கத்தைத் திருப்பினார். இப்போதெல்லாம் கடைக்கு வருகிற பெண்களில் யாராவது வாங்க வேண்டியதை வாங்கிய பிறகும் போகாமல் நின்றால், "என்ன புள்ள, வீட்ல எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்கிறேன், நல்லா இருக்குக்கா என்று அவள் சொன்னால் அதையும் நம்பிக்கொண்டு, இன்னொரு நாள் அவளே வந்து அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லும்வரை காத்திருக்க இன்றைக்கும் எனக்குப் பொறுமை இருக்கிறது.